நூலக அறையில் பிணம், வரவேற்பறையில் சிரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு ஞாயிறு, நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடி ஏதாவது ஒரு துப்பறியும் கதையைப் படித்துவிட்டுப் பேசுவோம். கொஞ்ச நாளாக இங்கிலாந்தின் மாளிகைக் கொலைக்கதைகளையும், அவற்றைக் கேலி செய்யும் நாடகங்கள், படங்கள், நாவல்களையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். புதிதாக யார் வந்தாலும் அதே சந்தேகங்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. பயப்படாமல் படிக்கலாம், கொலையாளி யார் என்று எங்கேயும் சொல்லவில்லை.

கன்ட்ரி ஹவுஸ் மர்டர் மிஸ்டரின்னா என்னங்க? நம்ம பேய் பங்களா கதை மாதிரியா?

பேய்க்கு இங்கே இடமில்லை. ஊருக்கு வெளியே ஒரு பெரிய மாளிகை. வார இறுதிக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். இந்தியாவில் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு கர்னல், பணக்கார அத்தை, கடனில் மூழ்கிய மருமகன், உள்ளூர்ப் பாதிரியார், யாருக்கும் சரியாகத் தெரியாத ஓர் அந்நியர். வெளியே பனி கொட்டுகிறது, பாதை அடைபட்டுவிட்டது, தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டது. காலையில் நூலக அறையில் பிணம். கொலை செய்தவர் அந்தக் கூரைக்கு அடியிலேதான் இருக்கிறார். கடைசியில் துப்பறிவாளர் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒவ்வொருவராகக் குற்றம்சாட்டி விடுவித்து, உண்மையானவரிடம் வந்து நிற்பார். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் இந்த வகை கொடிகட்டிப் பறந்தது.

பட்லர்தான் கொலைகாரன்னு சொல்வாங்களே, நிஜமா எந்தக் கதையில அப்படி வருது?

முதலில் பட்லர் யார் என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழில் பட்லர் என்றால் வெள்ளைக்காரத் துரை வீட்டுச் சமையல்காரர்தான் நினைவுக்கு வருவார், ‘பட்லர் இங்கிலீஷ்’ என்ற சொல்லும் அப்படி வந்ததுதான். இங்கிலாந்து மாளிகையின் பட்லர் சமையலறையில் கரண்டி பிடிப்பதில்லை. வேலையாட்களின் தலைவர். மதுவும் வெள்ளிப் பாத்திரங்களும் அவர் பொறுப்பு, கதவைத் திறப்பதும் அவரே. எல்லா அறைக்கும் போகலாம், யாரும் அவரைக் கவனிக்க மாட்டார்கள். கொலை செய்ய இதைவிட வசதியான உத்தியோகம் இல்லை.

ஆனால் அப்படிப்பட்ட கதைகள் மிகக் குறைவு. 1928இல் எஸ். எஸ். வான் டைன் என்ற அமெரிக்க எழுத்தாளர் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் எழுதினார். வேலைக்காரரைக் கொலைகாரராக்கக் கூடாது, அது ரொம்பச் சுலபமான வழி என்பது அவற்றில் ஒன்று. இந்தச் சொலவடைக்கே காரணம் என்று பலர் காட்டுவது மேரி ராபர்ட்ஸ் ரைன்ஹார்ட்டின் 1930ஆம் வருட நாவல் ஒன்றை. அந்த வாசகம் அப்படியே அதில் எங்கும் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. நாவலின் பெயரைச் சொன்னால் என் வாக்குறுதி போச்சு, அதனால் விட்டுவிடுகிறேன். 1957இல் ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸ் தன் நாவல் ஒன்றின் அமெரிக்கப் பதிப்புக்கு இந்த வாசகத்தையே தலைப்பாக வைத்தார். அதற்குள் அது எல்லோருக்கும் தெரிந்த ஜோக்காகிவிட்டிருந்தது.

சிரிப்பு வந்தா அது பகடியா?

இல்லை. வுட்ஹவுஸின் மாளிகைக் கதைகள் வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும், ஆனால் அவை கொலைக்கதையைக் கேலி செய்பவை அல்ல. பகடி என்றால் ஒரு வகையின் நடையுடை பாவனையை அச்சாகப் பிடித்து, ஒரு சுற்று மிகைப்படுத்தி, அதன் அபத்தம் தெரியும்படி காட்டவேண்டும். மிமிக்ரிக்காரர் ஒரு நடிகரைப் போலப் பேசும்போது குரல் பிசகினால் யாரும் சிரிக்க மாட்டார்கள் இல்லையா? அதேதான் இங்கும். மூலத்தை நன்றாகத் தெரிந்தவராலும், பெரும்பாலும் அதை நேசிப்பவராலும்தான் நல்ல பகடி எழுத முடிகிறது.

ஒருத்தர் செத்துக் கிடக்கிறார், அதை வெச்சு சிரிக்கிறது ஒரு மாதிரி இல்லையா?

இதைக் கேட்டவர் என் சித்தி. நியாயமான கேள்விதான். ஆனால் மூலக்கதையிலேயே செத்தவருக்காக யாரும் அழுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? நூலக அறையில் பிணம் கிடக்கிறது, வரவேற்பறையில் நாலு மணிக்குத் தேநீர் நிற்காமல் வருகிறது. இரவு உணவுக்கு மணி அடித்ததும் எல்லோரும் உடை மாற்றிக்கொண்டு மேசைக்கு வந்துவிடுவார்கள். இன்ஸ்பெக்டர் முன்வாசல் வழியாக வரலாமா, வேலைக்காரர்களின் வாசல் வழியாக வரலாமா என்பது அங்கே பெரிய பிரச்சினை. பகடி சிரிப்பது இந்த மரியாதையைப் பார்த்து. கத்தி முதுகில் நிற்கும்போதும் நாற்காலி நேராக இருக்கவேண்டும் என்று நினைக்கும் மனசைப் பார்த்து. சித்தி முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, அப்புறம் படம் போட்டதும் அதிகமாகச் சிரித்தவர் அவர்தான்.

மூலக்கதைகள் எல்லாம் பழசாகிப் போன பிறகுதானே இந்தக் கேலி வந்திருக்கும்?

அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். கதை தலைகீழ். கனடாவின் ஸ்டீபன் லீகாக் 1911இலேயே துப்பறிவாளர்களைக் கிண்டலடித்து எழுதிவிட்டார். 1913இல் இ. சி. பென்ட்லி ஒரு நாவல் எழுதினார், பெயர் ‘ட்ரென்ட்ஸ் லாஸ்ட் கேஸ்’. தப்பே செய்யாத துப்பறிவாளர்கள் மீது அவருக்கு எரிச்சல். அதனால் தன் துப்பறிவாளரை அற்புதமாக யோசிக்கவைத்து, தவறான முடிவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். குத்திக்காட்ட எழுதிய அந்தப் புத்தகத்தைப் பின்னால் வந்தவர்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள்! அதாவது இந்த வகையின் அஸ்திவாரத்திலேயே ஒரு கேலி புதைந்திருக்கிறது.

அகதா கிறிஸ்டியும் சளைத்தவர் இல்லை. 1929இல் வந்த ‘பார்ட்னர்ஸ் இன் கிரைம்’ தொகுப்பில் டாமி, டப்பென்ஸ் என்ற கணவன் மனைவி ஒவ்வொரு வழக்கையும் ஒவ்வொரு பிரபலத் துப்பறிவாளரின் பாணியில் துப்புத் துலக்குவார்கள். கடைசியில் வருவது அவருடைய சொந்த எர்க்யூல் பொய்ரோவின் பாணி. 1942இல் ‘தி பாடி இன் தி லைப்ரரி’ எழுதியபோது, நூலக அறையில் பிணம் என்பது தேய்ந்துபோன சங்கதி என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். கதையின் தொடக்கத்தில் வேலைக்காரப் பெண் ஓடிவந்து பிணம் இருப்பதாகச் சொல்வாள். வீட்டுக்கார கர்னலோ, நீ படித்த துப்பறியும் நாவல் கனவில் வந்திருக்கும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் தூங்கப் பார்ப்பார்.

என் தனிப்பட்ட பரிந்துரை 1936இல் லியோ புரூஸ் எழுதிய ‘கேஸ் ஃபார் த்ரீ டிடெக்டிவ்ஸ்’. மாளிகையில் பூட்டிய அறைக்குள் கொலை. லார்டு பீட்டர் விம்சி, பொய்ரோ, ஃபாதர் பிரவுன் என்ற புகழ்பெற்ற கதைத் துப்பறிவாளர்கள் மூவரையும் உரித்துவைத்தாற்போல மூன்று பேர் வந்து இறங்குகிறார்கள். ஆளுக்கொரு பிரமாதமான விளக்கம். உள்ளூர் போலீஸ் சார்ஜென்ட் பீஃப், பீர் குடித்துக்கொண்டு டார்ட்ஸ் விளையாடும் மனிதர், யார் செய்தது என்று தனக்குத் தெரியும் என்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பத்துக் கட்டளைகள்னு ஏதோ இருக்காமே, அது ஜோக்கா சீரியஸா?

இரண்டும். ரொனால்ட் நாக்ஸ் 1929இல் எழுதியது. அவர் கத்தோலிக்கப் பாதிரியார் என்பதால் பத்து என்ற எண்ணிக்கைக்கே ஒரு கண்சிமிட்டல் இருக்கிறது. அமானுஷ்யம் கூடாது, துப்பறிவாளரே குற்றவாளியாக இருக்கக் கூடாது, கிடைத்த தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பவை நிஜமான விதிகள். ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்பது? ஒன்று இருக்கலாமாம்! துப்பறிவாளரின் தோழர் சராசரி வாசகரைவிட மிக மிகக் கொஞ்சமாக மட்டுமே மந்தமாக இருக்கவேண்டும் என்பதும் ஒரு விதி. சீனர் யாரும் கதையில் வரக்கூடாது என்றும் ஒன்று உண்டு. மலிவான சாகசக் கதைகளில் எப்போதும் ஒரு மர்மச் சீன வில்லன் வந்ததை அவர் குத்திக்காட்டினார். இதைப் பிறகு தனியாகப் பார்ப்போம்.

அடுத்த ஆண்டு, 1930இல், லண்டனில் ‘டிடெக்ஷன் கிளப்’ தொடங்கியது. ஃபாதர் பிரவுன் கதைகளை எழுதிய செஸ்டர்டன் முதல் தலைவர். புதிய உறுப்பினர்கள் எரிக் என்று பெயர் வைத்த ஒரு மண்டையோட்டின் மீது கை வைத்து, தெய்வ அருளையோ தற்செயலையோ நம்பிக் கதையை முடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யவேண்டும். விதியை இவ்வளவு விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்களைப் பகடி செய்வது சுலபமில்லை, அவர்களே பாதி வேலையை முடித்துவிட்டார்கள்.

ஏன் எப்பவும் மாளிகைதான்? ஒரு லாட்ஜ்ல கொலை நடக்கக் கூடாதா?

தாராளமாக நடக்கலாம், ஆனால் லாட்ஜில் யார் வந்தார் யார் போனார் என்று கணக்கு வைக்க முடியாது. மாளிகையில் சந்தேகத்துக்குரியவர்கள் எண்ணி ஏழெட்டுப் பேர். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு ரகசியம்.

இன்னொன்று, கதையில் மாளிகை ஜொலித்த காலத்தில் நிஜ மாளிகைகள் தள்ளாடிக்கொண்டிருந்தன. முதல் உலகப் போருக்குப் பிறகு வாரிசு வரி ஏறியது, வேலையாட்கள் கிடைக்கவில்லை. பல குடும்பங்கள் விற்றன, பல மாளிகைகள் இடிக்கப்பட்டன. 1974இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இந்த அழிவைப் பற்றியே ஒரு கண்காட்சி நடத்தியது. ஆக, அறுபது எழுபதுகளில் பகடிக்காரர்கள் கையில் எடுத்த மாளிகை ஏற்கெனவே நாடகத் திரைச்சீலையில் மட்டும் மிச்சமிருந்த ஒன்று.

‘தி ரியல் இன்ஸ்பெக்டர் ஹவுண்ட்’ பார்த்தேன், பாதிக்கு மேல தலையும் புரியல வாலும் புரியல. என்னதான் நடக்குது?

டாம் ஸ்டாப்பர்டின் நாடகம், 1968இல் லண்டனில் முதலில் மேடையேறியது. மேடையில் ஒரு மட்டமான மாளிகைக் கொலை நாடகம் நடக்கிறது. அதைப் பார்த்து விமர்சனம் எழுத வந்த மூன், பேர்ட்பூட் என்ற இரண்டு பேரும் நாடகத்தின் பாத்திரங்கள்தான். ஒருவர் தன் பத்திரிகையின் முதல் விமர்சகர் ஒழிந்தால் தனக்கு அந்த இடம் கிடைக்கும் என்று ஏங்குகிறார். இன்னொருவருக்கு நடிகைகள் மீது கண். ஸ்டாப்பர்டே பிரிஸ்டலில் நாடக விமர்சகராக இருந்தவர், அதனால் குத்து உள்ளிருந்தே வருகிறது.

முதல் பாதி சுத்தமான பகடி. வேலைக்காரி மிஸஸ் டிரட்ஜ் தொலைபேசியை எடுத்ததும் இது யாருடைய மாளிகை, எந்த அறை, எந்தப் பருவம், காலையா மாலையா என்று மேடைக்குறிப்பு முழுவதையும் ஒப்பிப்பார். வானொலியை அவர் துடைக்கும்போது சரியாகப் போலீஸ் அறிவிப்பு வரும். மேடை நடுவில் முதலிலிருந்தே ஒரு பிணம் கிடக்கும், யார் கண்ணிலும் படாது. நீங்கள் தடுமாறிய இடம் எனக்குத் தெரியும்: ஆளில்லாத மேடையில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்க, பொறுக்கமாட்டாமல் விமர்சகர் போய் எடுக்கிறார். அழைப்பது சக விமர்சகரின் மனைவி! அங்கிருந்து பார்வையாளருக்கும் நாடகத்துக்கும் நடுவே இருந்த சுவர் போய்விடுகிறது. அடுத்தவர் கொலையை வசதியாக உட்கார்ந்து ரசிக்கிறோமே, அந்த இருக்கையையே ஸ்டாப்பர்ட் இழுத்துவிடுகிறார். சித்தியின் கேள்விக்கு இந்த நாடகம் என்னைவிட நல்ல பதில்.

அதைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ‘மவுஸ்டிராப்’ பார்த்திருக்கணுமா?

கட்டாயமில்லை, பார்த்திருந்தால் இரண்டு மடங்கு ரசிக்கலாம். அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்டிராப்’ 1952 நவம்பரில் லண்டனில் தொடங்கியது. 2020இல் கொரோனாவுக்காக நிறுத்தி, 2021இல் மறுபடி ஆரம்பித்தார்கள். பனியில் சிக்கிய விடுதி மாளிகை, வானொலியில் கொலையாளியின் அடையாளம், அதே போன்ற உடுப்பில் ஒவ்வொருவராக வந்து நிற்கும் விருந்தினர்கள். மிஸஸ் டிரட்ஜின் வானொலி எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா?

நாடகம் முடிந்ததும், முடிவை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது அங்கே பழக்கம். ஸ்டாப்பர்டின் தலைப்போ அந்த முடிவை லேசாக உரசிப் போகிறது. எப்படி என்று இரண்டையும் பார்த்தவருக்கு மட்டும் விளங்கும். எதிர்த்துக் குரல் கொடுத்தால் மவுஸ்டிராப்காரர்களே ரகசியத்தை ஊருக்குச் சொன்னதாகிவிடும். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான குறும்பு எனக்குத் தெரிந்து இல்லை.

‘தி பிளே தட் கோஸ் ராங்’ கொலைக்கதைப் பகடியா, இல்ல சும்மா விழுந்து எழுந்து சிரிக்கவைக்கிறதா?

பெரும்பங்கு இரண்டாவது. கார்ன்லி என்ற கல்லூரியின் நாடகக் குழு 1920களில் நடக்கும் ஒரு மாளிகைக் கொலை நாடகத்தைப் போட முயல்கிறது. கதவு திறக்கவில்லை, பிணத்தின் கையை மிதிக்கிறார்கள், ஒருவர் தப்பான வசனத்தைச் சொல்லிச் சொல்லிக் காட்சி செக்குமாடு மாதிரி அதே இடத்தைச் சுற்றுகிறது, மேடை துண்டு துண்டாகக் கழன்று விழுகிறது. மிஸ்சீஃப் குழுவின் ஹென்றி லூயிஸ், ஜோனதன் சேயர், ஹென்றி ஷீல்ட்ஸ் எழுதியது. 2012இல் லண்டனில் ஒரு பப்பின் மாடி அரங்கில் தொடங்கி, 2015இல் சிறந்த புதிய நகைச்சுவைக்கான ஆலிவியர் விருது வரை போனது.

அவர்கள் கொலைக்கதையைத் தேர்ந்தெடுத்ததில் காரணம் உண்டு. இந்த வகையில் ஒவ்வொரு பொருளும் தடயம், ஒவ்வொரு நுழைவும் நொடிக்கணக்கு. கடிதம் இருக்கவேண்டிய இடத்தில் இல்லையென்றால் கதையே நின்றுவிடும். ஒழுங்கு அதிகமாக இருக்கும் இடத்தில்தான் சறுக்கல் வேடிக்கையாகிறது.

‘மர்டர் பை டெத்’ படத்தை இன்னைக்குப் போட்டா திட்ட மாட்டாங்களா?

1976இல் வந்த அமெரிக்கப் படம், எழுதியவர் நீல் சைமன். ஐந்து புகழ்பெற்ற துப்பறிவாளர்களின் நகல்களை ஒரு பணக்காரர் ‘விருந்துக்கும் ஒரு கொலைக்கும்’ அழைக்கிறார். பார்வையில்லாத பட்லராக அலெக் கின்னஸ், காது கேட்காத பேச முடியாத சமையல்காரி. அவர் சொல்வது அவளுக்குக் கேட்காது, அவள் எழுதிக் காட்டுவது அவருக்குத் தெரியாது. கடைசியில் அந்தப் பணக்காரர் துப்பறிவாளர்களை நிறுத்திவைத்து, கடைசிப் பக்கங்களில் புது ஆளைக் கொண்டுவந்தீர்கள், தடயத்தை ஒளித்தீர்கள் என்று பொரிந்துதள்ளும் காட்சி நாக்ஸின் விதிகளை வாசகர் கையில் சாட்டையாகக் கொடுப்பது போல இருக்கும்.

சரி, சங்கடத்துக்கு வருவோம். பீட்டர் செல்லர்ஸ் முகத்தை மாற்றிக்கொண்டு உடைந்த ஆங்கிலத்தில் சீனத் துப்பறிவாளராக நடிக்கிறார். சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளர் வரும் பழைய படங்களில் அவராக நடித்த வார்னர் ஓலண்ட் ஸ்வீடனில் பிறந்தவர், அதைத்தானே கேலி செய்கிறார்கள் என்று வாதாடலாம். எனக்கு அந்த வாதம் ஒட்டவில்லை. படம் அந்தப் பழக்கத்தைச் சுட்டிக்காட்டவில்லை, திரும்பச் செய்கிறது. நாக்ஸ் 1929இல் குத்திக்காட்டிய சோம்பேறித்தனத்திலேயே 1976இல் ஒரு பகடி விழுந்திருக்கிறது. நாங்கள் படத்தைப் போட்டோம், இதையும் பேசினோம்.

ஒரு போர்டு கேமை வெச்சு எப்படிப் படம் எடுத்தாங்க?

‘குளூடோ’ விளையாட்டை 1944இல் உருவாக்கியவர் பர்மிங்காமைச் சேர்ந்த ஆந்தனி பிராட். கடைக்கு வந்தது 1949இல். ஆறு பேர், ஆறு ஆயுதங்கள், ஒன்பது அறைகள், மொத்தம் 324 சாத்தியங்கள். மாளிகைக் கொலைக்கதையின் எலும்புக்கூட்டை அட்டையில் வரைந்ததுதான் அது. ‘குளூ’வோடு ‘லூடோ’வை ஒட்டிய பெயர். லூடோவோ நம் நாட்டுப் பச்சீசியிலிருந்து போனது. அமெரிக்காவில் லூடோ என்ற பெயர் அவ்வளவு பழக்கமில்லை, அங்கே வெறும் ‘குளூ’.

1985இல் அதைப் படமாக்கியவர் ஜோனதன் லின், ‘யெஸ் மினிஸ்டர்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரை எழுதிய இருவரில் ஒருவர். மூன்று முடிவுகள் எடுத்து, தியேட்டருக்குத் தியேட்டர் வேறு முடிவைக் காட்டினார்கள். படம் ஓடவில்லை. பிறகு வீடியோவில் மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டதும் ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். எந்த முடிவும் பொருந்தும் என்றால் தடயங்களுக்கு என்ன மதிப்பு? அந்தக் கேள்விதான் படத்தின் ஜோக்.

‘காஸ்ஃபோர்ட் பார்க்’, ‘நைவ்ஸ் அவுட்’ எல்லாம் பகடி கணக்குல வருமா?

எல்லைக்கோட்டில் நிற்பவை. ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய ‘காஸ்ஃபோர்ட் பார்க்’ 2001இல் வந்தது, கதை 1932இல் நடக்கிறது. கொலை தாமதமாக வருகிறது, படத்துக்கு அதைவிட மாடியில் இருப்பவர்களுக்கும் கீழே வேலை செய்பவர்களுக்கும் உள்ள உறவே முக்கியம். ஆனால் ஸ்டீபன் ஃப்ரை நடிக்கும் இன்ஸ்பெக்டர் பச்சைப் பகடி. பாவம், தன் பெயரைக்கூட யாரும் முழுசாகச் சொல்லவிட மாட்டார்கள். விருந்தாளியாக வந்த ஹாலிவுட் தயாரிப்பாளர் தன் கொலைப் படத்தின் முடிவைச் சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்று தயங்க, நாங்கள் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லையே என்பார் மேகி ஸ்மித். அவர் ‘மர்டர் பை டெத்’திலும் இருந்தவர்.

‘நைவ்ஸ் அவுட்’ 2019, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ். செத்துப்போன எழுத்தாளர் குளூ அட்டைக்குள்ளேயே வாழ்ந்த மாதிரி இருக்கிறது என்று ஒரு போலீஸ்காரரே சொல்வார். தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் நிஜமான புதிர்க்கதை அது. நான் பகடி என்று சொல்ல மாட்டேன். குழுவில் பாதிப் பேர் சொல்வார்கள்.

பகடியில கொலையாளியை நாமே கண்டுபிடிக்க முடியுமா? ஏமாத்திடுவாங்களா?

எழுதியவரைப் பொறுத்தது. ‘குளூ’ படத்தில் முயலவேண்டாம். ஆனால் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1975இல் எழுதிய ‘தி அஃபேர் ஆஃப் தி பிளட்-ஸ்டெயின்ட் எக் கோஸி’ நாவலில் முயன்று பாருங்கள். முப்பதுகளின் பிரபு மாளிகை, ரகசிய வழி, வைரத் திருட்டு, அயல்நாட்டுத் தூதர், எல்லாம் அளவுக்கு மிஞ்சி இருக்கும். இன்ஸ்பெக்டர் வில்கின்ஸ் தனக்கு நம்பிக்கையே இல்லை என்று புலம்பிக்கொண்டே வேலையை முடிப்பார். அவ்வளவு கூத்துக்கு நடுவிலும் புதிர் கச்சிதம். மேலே சொன்ன சார்ஜென்ட் பீஃப் கதையும் அப்படியே: தடயங்கள் நம் கண்முன்தான் இருக்கும், மூன்று மேதாவிகளைப் பார்த்து வாய்பிளந்ததில் கோட்டைவிடுவோம். என் கணக்கில் புதிரும் நிற்கவேண்டும், கேலியும் நிற்கவேண்டும். ஒன்று சாய்ந்தால் அது அரைப் பகடிதான்.

நான் அகதா கிறிஸ்டி ஒண்ணுகூடப் படிச்சதில்ல. எதுல ஆரம்பிக்கட்டும்?

‘தி பாடி இன் தி லைப்ரரி’ படித்துவிடுங்கள், மூலமும் கேலியும் ஒரே புத்தகத்தில் கிடைக்கும். அப்புறம் லியோ புரூஸ். ‘இன்ஸ்பெக்டர் ஹவுண்ட்’ கொஞ்சம் பழகிய பிறகு. ‘பிளே தட் கோஸ் ராங்’ மட்டும் எப்போது வேண்டுமானாலும், வீட்டுக் குழந்தைகளோடும்.

‘மவுஸ்டிராப்’பையே படமா எடுத்துட்டா லண்டன் போகாம பார்த்துடலாமே?

எடுக்க முடியாது. நாடகம் நின்று ஆறு மாதம் ஆகும்வரை படமாக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். இந்தச் சங்கடத்தையே கதையாக்கி 2022இல் ஒரு படம் வந்தது, ‘சீ ஹவ் தே ரன்’. 1953ஆம் ஆண்டு, மவுஸ்டிராப்பைப் படமாக்க வந்த ஹாலிவுட் இயக்குநர் அந்த அரங்கிலேயே கொல்லப்படுகிறார். விசாரிக்க வரும் போலீஸ் அதிகாரியின் பெயர் இன்ஸ்பெக்டர் ஸ்டாப்பர்ட்.